டைப் பண்ணி அழித்தது

ஜூலை 5, 2025, சனி

அண்ணன் மகள் பத்தாங்கிளாஸ். போன மாசமே வீட்டில் கேபிளைப் பிடுங்கியாச்சு. கோச்சிங் முடிந்து வந்ததும் பையைக்கூட இறக்காமல் என் லேப்டாப்பைத் திறக்கிறாள். அண்ணிக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருக்கிறாள்.

இன்று காட்டியது 'காகுயா-சாமா: லவ் இஸ் வார்'. 2019இல் வந்த ஜப்பானிய அனிமேஷன். பணக்காரப் பள்ளி, மாணவர் மன்றத் தலைவன் ஒருவன், துணைத் தலைவி ஒருத்தி. இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு ஆசை. ஆனால் முதலில் வாய் திறப்பவர் தோற்றவர். அவ்வளவுதான் கதை. தலைவன் புதிதாக ஸ்மார்ட்போன் வாங்குகிறான். மெசேஜ் ஆப் ஐடியை யார் முதலில் கேட்பது என்பதில் எபிசோடில் பாதி போகிறது. பின்னணியில் ஒருவர் போர்க்கள வர்ணனை மாதிரி கத்துகிறார். கடைசியில் பார்த்தால் அந்தப் பெண்ணிடம் இருப்பது பழைய மடக்கு போன், அந்த ஆப் அதில் ஓடவே ஓடாது.

வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்து முடித்துவிட்டு, "எந்தப் பையன்டி இவ்வளவு யோசிப்பான்?" என்றேன்.

"எல்லாரும் யோசிப்பாங்க அத்தை. நீ பாக்கிறதில்ல."

ஜூலை 6, ஞாயிறு

என் முறை. 'ட்சுகி கா கிரேய்', 2017, மொத்தம் 12 எபிசோட். ஞாயிறுக்கு மூன்று என்று பேச்சு.

டோக்கியோவுக்குப் பக்கத்தில் சைதாமாவில் உள்ள கவகோயே ஊர். ஒன்பதாம் வகுப்பு, நுழைவுத் தேர்வு வருடம். பையன் கதை எழுதுகிறவன், பெண் ஓட்டக்காரி. பதற்றம் வந்தால் சர்க்கரைவள்ளிக்கிழங்கு பொம்மை ஒன்றைப் பிசைவாள். முதல் எபிசோடில் இரண்டு குடும்பமும் ஒரே ஓட்டலுக்குச் சாப்பிட வந்து விடுகின்றன. ஜூஸ் பிடிக்கிற இடத்தில் இந்த இரண்டும் முட்டிக்கொள்கின்றன. அம்மாக்கள் சிரித்துப் பேசுகிறார்கள், பிள்ளைகளுக்குப் பூமி பிளக்காதா என்றிருக்கிறது.

மருமகள் கொட்டாவி விட்டாள். எனக்கு மும்பை மாட்டுங்கா மார்க்கெட் ஞாபகம் வந்தது. 2005. நானும் பத்தாங்கிளாஸ். அம்மா வெற்றிலை பேரம் பேசுகிறாள், என் கையில் முருங்கைக்காய் தலை நீட்டும் ஒயர் கூடை. எதிரே டியூஷனில் பின்வரிசையில் உட்காரும் பையன், அவன் அப்பாவோடு. எங்கள் அப்பாவுக்கு அவன் அப்பாவைத் தெரியும், ரெண்டு பேருக்கும் நாங்குநேரிப் பக்கம். பெரியவர்கள் ஊர்க்கதையில் இறங்கிவிட்டார்கள். நாங்கள் இருவரும் அந்த முருங்கைக்காயையே பார்த்துக்கொண்டு நின்றோம். அதன்பிறகு ரெண்டு வாரம் அவன் என் பக்கம் திரும்பவில்லை. எனக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது.

இதை எந்த வர்ணனையாளர் கத்திச் சொல்வார்?

மூன்றாவது எபிசோடில் பையன் நிலா அழகாயிருக்கு என்று ஆரம்பித்து விஷயத்துக்கு வருகிறான். நட்சுமே சோசெகி என்ற எழுத்தாளர் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தபோது 'ஐ லவ் யூ'வை அப்படித்தான் மொழிபெயர்க்கச் சொன்னாராம். அவர் சொன்னதற்கு ஆதாரம் கிடையாது. இருந்தாலும் அந்த ஊர் வாசகர்கள் விடுவதாயில்லை.

ஜூலை 9, புதன்

சயானில் லோக்கல் ரயிலேறி தாணே வரை நின்றுகொண்டே போனேன். முன்னால் காலேஜ் பெண் ஒருத்தி, குடையிலிருந்து என் செருப்பில் தண்ணீர் சொட்டுகிறது. போனில் ஏதோ டைப் பண்ணுகிறாள், அழிக்கிறாள். காட்கோபர் வந்தது, விக்ரோலி வந்தது. முலுண்டில் ஒரு 'ஹ்ம்' மட்டும் போனது.

அடுத்தவர் போனைப் பார்ப்பது தப்புதான்.

ஜூலை 13, ஞாயிறு

கதையில் பள்ளிக்கூடத்தோடு கியோட்டோ சுற்றுலா. வாத்தியார் பையனின் போனைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறார். அது தெரியாமல் அவள் காத்திருக்கிறாள். மருமகள் முதல்முறையாகக் கால் நீட்டாமல் உட்கார்ந்து பார்த்தாள்.

எனக்கு வேறொரு விஷயம் ஓடியது. சினிமாவுக்கு வினாடிக்கு 24 சட்டம், அதாவது ஃபிரேம். டிவி அனிமேஷனில் ஒரே ஓவியத்தை இரண்டு மூன்று சட்டத்துக்கு நிறுத்தி, 12 அல்லது 8 ஓவியத்தில் ஒப்பேற்றுவார்கள். முகம் அசையாமல் கண் மட்டும் இமைத்தால் செலவு இன்னும் குறைவு. அப்படியானால் நான் உருகி உருகி 'நிஜம்' என்று சொல்லும் அந்த மௌனம் கைக்கு அடக்கமான சமாச்சாரமும்கூட. இதே தொடரில் பின்னால் நடந்துபோகும் மாணவர்களைப் பார்த்தால் தெரியும். கம்ப்யூட்டரில் செய்த பொம்மைகள், முட்டி மடங்காமல் நடக்கின்றன. கூட்டம் வரைவதுதான் செலவு.

மருமகளிடம் சொன்னேன். "அதான் காகுயால மூஞ்சிய கோணலாக்கி, கலரெல்லாம் மாத்தி உழைக்கிறாங்க. நீ சோம்பேறிகளுக்கு ஓட்டுப் போடுற" என்றாள். அநியாயம். ஆனால் அப்போதைக்குப் பதில் வரவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

யூனிட் டெஸ்ட். மூன்று எபிசோட் ஒரே மூச்சில், ராத்திரி பதினொன்றுக்கு, ஒரு ஹெட்போனை ஆளுக்கு ஒரு காதில் மாட்டிக்கொண்டு. இதற்குமேல் எழுதினால் அண்ணி படிப்பாள்.

ஜூலை 27, ஞாயிறு

முடித்துவிட்டோம்.

அப்பாவுக்கு வேலை மாற்றலாகி அவள் சிபாவுக்குப் போகிறாள். பையன் அந்த ஊர்ப் பள்ளிக்கே பரீட்சை எழுதுகிறான், கிடைக்கவில்லை. அதுவரை ஒரு குறையும் சொல்ல மாட்டேன். பரீட்சையில் தோற்கிற காதலனை யார் காட்டுகிறார்கள்? ஆனால் கடைசியில் பெயர்கள் ஓடும்போது இருவரும் அனுப்பிக்கொண்ட மெசேஜ்களை வரிசையாகப் போடுகிறார்கள். வருஷங்கள் ஓடுகின்றன, கல்யாணம், குழந்தை. பாட்டு முடிவதற்குள் எல்லாம் சுபம். பன்னிரண்டு எபிசோடும் பார்த்துப் பார்த்து நடந்துவிட்டு கடைசிப் படியில் சறுக்கல்.

"இது சுத்த ஏமாத்து வேலை" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் சொன்னேன்.

"ஏன்?"

"ஒன்பதாங்கிளாஸ்ல பாத்தது எங்கயாச்சும் நிலைக்குமா? நாலு மாசத்துல ஊரு மாறினா போச்சு."

"உன் மாட்டுங்கா மார்க்கெட்காரன் எங்க போனான்?"

"அம்பர்நாத். அவங்க அங்க வீடு வாங்கிட்டாங்க."

"போன் பண்ணானா?"

"எங்க வீட்ல அப்போ ஏது போன்? முக்கு கடையில ஒரு ரூபா காயின் பூத்துதான்."

"அப்ப உனக்கெப்படித் தெரியும்? அவங்க கையில ராத்திரி பகலா போன் இருக்கு. உன் கையில இருந்தது ஒரு ரூபா." லேப்டாப்பை மூடினாள். "அடுத்த ஞாயிறு என் முறை. காகுயா ரெண்டாவது சீசன்."

உள்ளே அண்ணி, அரிசி ஊறிப்போச்சு, யாராவது குக்கரை வையுங்கள் என்று கத்தினாள்.