பூட்டிய வீட்டு நாய்களுக்கு யார் ஊசி போடுவது?

ஜூலை 2, வியாழன்

திங்கட்கிழமை மாட்டாஸ்பத்திரியில் நாய்களுக்கு இலவசமாக வெறிநோய்த் தடுப்பூசி போடுகிறார்கள். கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு எங்கள் தெருவின் நினைப்புதான்.

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் பல வீடுகள் பூட்டித்தான் கிடக்கின்றன. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்றால் வருவார்கள். மற்ற நாளெல்லாம் கூட்டிப் பெருக்கி விளக்கேற்ற ஓர் ஆள், அவருக்குத் துணையாகப் பின்கட்டில் ஒரு நாய். வாங்கிவிட்டவர் ஒருவர், சோறு வைப்பவர் இன்னொருவர். வருஷத்துக்கு ஒருமுறை போட வேண்டிய ஊசி மட்டும் யார் பொறுப்பிலும் இல்லை. எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.

ஜூலை 3, வெள்ளி

எதிர் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் தம்பியிடம் பேசினேன்.

"வாசல் தாண்டாத நாய் ஆச்சி, அதுக்கு எதுக்கு ஊசி? ஐயாவும் போன்ல ஒண்ணும் சொல்லலையே" என்றார்.

எங்கள் பக்கத்து வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவில் என்றால் பின்வாசல் அடுத்த தெருவில். அந்தப் பின்கதவு உளுத்துப்போனால் வெளி நாய் எந்நேரமும் உள்ளே வரும். பூனை, கீரி கடித்தும் இந்த நோய் வரும். கட்டிப்போட்ட நாய்க்குத் தப்பி ஓடவும் வழியில்லை. அதற்கு நோய் வந்தால் அடுத்து கடிபடுவது சோறு வைக்கிற கைதான்.

வீட்டுக்காரருக்கு நானே போன் போட்டேன். "கூட்டிப் போகச் சொல்லுங்க ஆச்சி, ஆட்டோச் செலவை அனுப்பிடுறேன்" என்றார். அவ்வளவுதான். இத்தனை நாளும் அவரிடம் கேட்கத்தான் ஆள் இல்லை.

ஜூலை 6, திங்கள்

நல்ல கூட்டம். 1885இல் இதே ஜூலை 6ஆம் தேதிதான், நாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற 9 வயதுப் பையனுக்கு லூயி பாஸ்டர் முதன்முதலாக வெறிநோய்த் தடுப்பூசி போடச் செய்தார். இந்த நாளில் முகாம் நடத்துவது அதனால்தான்.

எதிர் வீட்டு நாய் செவலை, நல்ல உயரம். தம்பி துண்டால் அதன் வாயைக் கட்டி, தலையைத் தொடையோடு அணைத்துக்கொண்டார். டாக்டரம்மா ஐஸ் பெட்டியிலிருந்து மருந்தை எடுத்தார். 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்காவிட்டால் மருந்து வீரியம் இழந்துவிடுமாம். பிடரித் தோலைத் தூக்கிப் பிடித்து 1 மில்லி ஏற்றினார். நாய் முனகக்கூட இல்லை.

அவர் சொன்ன ஒன்றை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். வெறி பிடித்த நாய் என்றால் விரட்டி விரட்டிக் கடிக்கும் என்றே நினைக்கிறோம். சில நாய்கள் மூலையில் ஒடுங்கிவிடும். கீழ்த்தாடை தொங்கும், எச்சில் வடியும், தண்ணீர்கூட இறங்காது. எலும்பு சிக்கிக்கொண்டது என்று நினைத்து வாய்க்குள் கைவிடுகிறவர்கள் உண்டு. கிருமி இருப்பதே அந்த எச்சிலில்தான்.

ஜூலை 8, புதன்

பக்கத்து வீட்டு வளவில் விளையாட்டில் நாய்க்குட்டியின் பல் அந்த வீட்டுப் பேரன் கையில் பதிந்து ரத்தம் வந்துவிட்டது. அவன் ஆயா (பாட்டி) காயத்தில் வைக்கச் சுண்ணாம்பை எடுத்துவிட்டார். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், மஞ்சள் எதுவும் கூடாது என்று தடுத்து, குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவவைத்தேன். பையன் அழுதான். பரவாயில்லை.

"தொப்புளைச் சுத்தி 14 ஊசி போடுவாகளே" என்று ஆயாவுக்கு ஒரே நடுக்கம். அந்தப் பழைய மருந்தை நிறுத்தி 20 வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது போடுவது கையில்தான். அரசு ஆஸ்பத்திரியில் தோலுக்குள் போடுவது என்றால் முதல் நாள், அப்புறம் 3, 7, 28ஆம் நாட்கள். ரத்தம் வந்த காயமென்றால் காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் போட ஒரு மருந்து உண்டு. குட்டியை 10 நாள் கவனிக்க வேண்டும், ஆனால் அதற்காகப் பையனின் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. இன்றைக்கே முதல் ஊசி போட்டாயிற்று. குட்டிக்கு இன்னும் 3 மாதம் ஆகவில்லை. ஆனதும் அதற்கும் போட வேண்டும்.

ஜூலை 10, வெள்ளி

செவலையின் ஊசி அட்டையைத் தம்பி சாவி வைக்கும் மாடத்திலேயே வைத்திருக்கிறார். அதற்கு இதுதான் முதல் ஊசி என்பதால் ஆகஸ்ட் 3 திங்கட்கிழமை பூஸ்டர்.

தெருக்கோடி வீட்டு நாயை மட்டும் யாராலும் பிடிக்க முடியவில்லை. காலையில் கட்டிவைத்தால் வீட்டுக்கே வந்து போடுவதாக டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்த வீட்டுக்காரருக்கு எழுதிப்போட்டிருக்கிறேன். பார்த்துவிட்டார், பதில் இன்னும் வரவில்லை. நாளைக்கும் வராவிட்டால் போனில் பிடிக்க வேண்டும்.