கவர் சின்னத்தில் ஒரு சுயேச்சை

2021 மார்ச் 11, வியாழன்

நாளைக்குச் சட்டமன்றத் தேர்தலுக்கு மனுத்தாக்கல் தொடங்குகிறது. தேர்தல் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கு வேண்டும், அதுவும் மனு கொடுப்பதற்கு முந்தின நாளாவது திறந்திருக்க வேண்டும் என்பது விதி. அதை இன்று முடித்தேன். கவுன்டரில் இருந்தவர் எந்தக் கட்சி என்று கேட்டார், சுயேச்சை என்றேன், அதற்கப்புறம் அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

ஏன் நிற்கிறேன் என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன். அரசு அலுவலகத்தில் மனு கொடுத்தால் கையோடு ரசீது, அதில் வேலை முடியும் தேதி, தேதி தவறினால் அதிகாரிக்கு அபராதம். இதைச் சட்டமாக்க வேண்டும். மத்தியப் பிரதேசம் 2010-லேயே செய்துவிட்டது, அடுத்த வருடம் பீகார். பக்கத்தில் கர்நாடகத்தில் 'சகாலா' என்ற பெயரில் இருக்கிறது. தகவல் உரிமைக்கு 1997-லேயே சட்டம் போட்ட தமிழ்நாட்டில் இது மட்டும் இன்னும் இல்லை.

மார்ச் 16, செவ்வாய்

அங்கீகாரம் பெற்ற கட்சிக்காரருக்கு ஒரு முன்மொழிபவர் போதும், எனக்குப் பத்துப் பேர், பத்துப் பேரும் இதே தொகுதி வாக்காளர்கள், ஒவ்வொருவருக்கும் பாகம் எண், வரிசை எண். ஒன்பது பேர் கிடைத்துவிட்டார்கள். பத்தாவது ஆளாக நம்பியிருந்தவர் காலையில் போன் செய்து, "தப்பா நினைக்காதீங்க தம்பி, மச்சான் அந்தக் கட்சியில வட்டச் செயலாளரா இருக்கான்" என்றார். என்ன சொல்வது, சரிங்க அண்ணே என்று வைத்துவிட்டேன். கடைசியில் சலூன்காரர் துண்டால் கையைத் துடைத்துவிட்டு வந்து கையெழுத்துப் போட்டார்.

இந்தப் பத்துப் பேர் கணக்குக்குப் பின்னால் மொடக்குறிச்சி இருக்கிறது. 1996-ல் விவசாயிகள் தங்கள் குறையைச் சொல்வதற்காக அங்கே கூட்டம் கூட்டமாக மனு போட்டு, ஒரே தொகுதியில் 1,033 வேட்பாளர்கள் நின்றார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டியதாயிற்று. அன்றைக்கு டெபாசிட் 250 ரூபாய். அதே வருடம் 5,000 ஆக்கினார்கள், அங்கீகாரம் பெற்ற கட்சி சாராதவருக்குப் பத்து முன்மொழிபவர் என்றார்கள், இப்போது 10,000. விவசாயிகளின் குறைக்கு என்ன பதில் வந்ததோ, டெபாசிட் மட்டும் உடனே ஏறிவிட்டது.

மார்ச் 20, சனி

பரிசீலனை. மனு ஏற்கப்பட்டது. பிரமாணப் பத்திரத்தில் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விடக்கூடாது என்பதால் 'இல்லை', 'இல்லை' என்று எழுதியே கை வலித்தது. சொந்தமாக நிலம்? இல்லை. நகை? மனைவியிடம் இருப்பதை எழுதினேன், அதை அடகு வைத்திருப்பதைக் கடன் பகுதியில் எழுதினேன். இது ஊருக்கே தெரியப்போகிறது என்று அவளுக்கு வருத்தம்.

மார்ச் 22, திங்கள்

இதை எழுதும்போதும் சிரிப்பு வருகிறது. மனுவில் மூன்று சின்னம் கேட்டிருந்தேன், முதலாவது பேனா ஸ்டாண்ட். ஒன்று பதிவு பெற்ற கட்சிக்காரருக்குப் போனது (அவர்களுக்குத்தான் முன்னுரிமை), மற்ற இரண்டும் குலுக்கலில் போயின. மீதியில் எனக்கு வந்தது உறை. அதாவது கவர். லஞ்சத்தை ஒழிக்கச் சட்டம் கேட்டு நிற்கிறவனுக்குக் கவர் சின்னம்!

மொத்தம் 22 பேர். ஒரு மெஷினில் நோட்டாவோடு சேர்த்து 16 பெயர்தான் அடங்கும், அதனால் எங்கள் தொகுதிக்கு இரண்டு மெஷின். பெரிய கட்சிகள் மேலே, பதிவு பெற்ற கட்சிகள் நடுவில், சுயேச்சைகள் கீழே, அதிலும் அகர வரிசை. என் பெயர் இரண்டாவது மெஷினில்.

மார்ச் 26, வெள்ளி

வீடு வீடாகப் போக கொரோனா விதிப்படி ஐந்து பேருக்கு மேல் கூடாது. எங்களுக்கு அந்தப் பிரச்சினையே இல்லை, மொத்தமே நான்கு பேர். எல்லா வாசலிலும் ஒரே கேள்வி: "கவர் சின்னமா? உள்ள எவ்வளவு?"

இரண்டாவது தெருவில் ஒரு பாட்டி உட்காரச் சொன்னார். முதியோர் உதவித்தொகைக்கு எழுதிக்கொடுத்துப் பதினான்கு மாதமாகிறதாம். துணிக்கடைப் பையிலிருந்து ரேஷன் அட்டை நகல், ஆதார் நகல், ஓரம் மக்கிப்போன ஒரு போட்டோ என்று ஒவ்வொன்றாக எடுத்துத் திண்ணையில் பரப்பினார். மனு கொடுத்ததற்கு ரசீது இருக்கிறதா என்று கேட்டேன். "அதெல்லாம் யாரு குடுத்தா? வச்சுட்டுப் போன்னாங்க, வச்சுட்டு வந்தேன்" என்றார்.

இதற்குத்தான் சட்டம் கேட்கிறேன் என்று உற்சாகமாக ஆரம்பித்தேன், எம்எல்ஏ லெட்டர் இல்லாமலே உங்கள் வேலை தேதிப்படி நடக்கும் என்றெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நீ ஜெயிச்சா லெட்டர் தரமாட்டியா?" என்றார்.

ராத்திரி முழுக்க அதுவேதான் மண்டைக்குள் ஓடியது. எம்எல்ஏ என்றால் சிபாரிசுக் கடிதம், கல்யாணத்துக்கு வருகிறவர், சாக்கடைக்கு ஆள் அனுப்புகிறவர். 2016 அக்டோபரிலிருந்து ஊரில் கவுன்சிலரே கிடையாது, நகராட்சித் தேர்தல் நடக்கவில்லை, சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் மக்கள் வேறு யாரிடம் போவார்கள்? நானோ எம்எல்ஏவிடம் வரவேண்டிய தேவையே இல்லாமல் செய்கிறேன் என்று ஓட்டுக் கேட்கிறேன். நான் சொல்வது தப்பில்லை. ஆனால் பாட்டியின் கேள்விக்கு என்னிடம் பதிலும் இல்லை.

மார்ச் 30

பாட்டிக்காகத் தகவல் உரிமையில் ஒரு மனு எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினேன். வேட்பாளர் இதைச் செய்யலாமா, இதுவும் ஒருவகை சிபாரிசுதானே என்று நண்பன் கேட்டான். செய்யலாமோ கூடாதோ, செய்துவிட்டேன்.

ஏப்ரல் 4, ஞாயிறு

மாலை 7 மணியோடு பிரசாரம் ஓய்ந்தது. செலவு உச்சவரம்பு 30 லட்சத்து 80 ஆயிரம். டெபாசிட்டை விட்டுவிட்டால் நான் அதில் நாற்பதில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. பாதி ஆட்டோ வாடகை, பாதி நோட்டீஸ்.

ஏப்ரல் 6, செவ்வாய்

வலது கைக்கு பிளாஸ்டிக் கையுறை கொடுத்தார்கள். என் பெயருக்கு நேரே அழுத்தினேன். விவிபாட் கண்ணாடிக்குள் ஏழு வினாடி அந்தக் கவர் தெரிந்தது, அப்புறம் சீட்டு அறுந்து உள்ளே விழுந்தது.

மே 2, ஞாயிறு

எண்ணும் இடத்துக்குள் போக கொரோனா நெகட்டிவ் சான்று. மூன்றாவது சுற்றிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. என் ஓட்டு 537. நோட்டா என்னைவிட மேலே. பதிவான செல்லுபடி ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் டெபாசிட் திரும்பும், அது போயிற்று. பாட்டியின் பூத்தில் ஒன்பது ஓட்டு. ஒன்பதில் ஒன்று அவருடையதா என்று யோசித்துப் பார்த்தேன், அந்த யோசனை எனக்கே பிடிக்கவில்லை.

மே 20, வியாழன்

முடிவு வந்த முப்பது நாளுக்குள் செலவுக் கணக்குக் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் மூன்று வருடம் போட்டியிட முடியாது. ஊரடங்கில் நோட்டீஸ்காரரிடம் பில் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒருவழியாக இன்று போய்க் கொடுத்தேன். அந்த ஊழியர் பக்கங்களை எண்ணினார், முத்திரை குத்தினார், தேதி போட்டுக் கையெழுத்திட்ட ஒப்புகைச் சீட்டை நான் கேட்காமலே நீட்டினார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

வரும் வழியில் பாட்டி வீட்டுப் பக்கம் வண்டியை நிறுத்தினேன். தகவல் உரிமை மனுவுக்கு முப்பது நாள் கெடு எப்போதோ முடிந்துவிட்டது, பதில் வரவில்லை, மேல்முறையீட்டுக்கு அவர் கைநாட்டு வேண்டும். திண்ணையில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையிலிருந்த சீட்டை அவரிடம் எடுத்துக் காட்டவில்லை.