ஹிரோஷிமா 33: ஒரு பழைய ஆர்எக்ஸ்-7 நாட்குறிப்பு

மார்ச் 9, 2025, ஞாயிறு

பக்கத்து வீட்டுப் பெரியவர் இன்று தம் கார் கொட்டகைக்குள் என்னை அழைத்துச் சென்று, துணி உறையைப் பின்பக்கத்திலிருந்து மெதுவாகச் சுருட்டி எடுத்தார். உள்ளே சிவப்பு நிற மாஸ்டா ஆர்எக்ஸ்-7 ஒன்று நின்றது. 1992இல் அவரே புதிதாக வாங்கிய வண்டி. மூன்றாம் தலைமுறையான இதைப் பிரியர்கள் எஃப்டி என்பார்கள். அந்நாளில் ஜப்பானில் இது அன்ஃபினி என்ற விற்பனைக் கிளையின் பெயரில் வெளிவந்ததால், பின்புறத்தில் அந்தச் சின்னமே இருக்கிறது. கதவின் கைப்பிடியைச் சற்று நேரம் தேடினேன். அது சன்னலுக்குப் பின்னால், தூணோடு ஒட்டி மறைந்திருக்கிறது.

ஓடிய தூரம் 48,000 கிலோமீட்டர்தான். பெரியவருக்கு 78 வயதாகிறது; ஓட்டுநர் உரிமத்தைத் திருப்பிக் கொடுக்க முடிவு செய்துவிட்டார். வியாபாரியிடம் கொடுத்தால் நல்ல விலை வரும், ஆனால் 25 ஆண்டு கடந்த வண்டிகளை அமெரிக்கா தடையின்றி அனுமதிப்பதால் நேரே கப்பல் ஏறிவிடும் என்றார். ஹிரோஷிமாவில் உள்ள மாஸ்டாவின் ஊஜினா ஆலையில் பிறந்த வண்டி இந்த ஊரிலேயே இருக்கட்டும் என்பது அவர் ஆசை. நான் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் பயம் வந்தது.

மார்ச் 15, சனி

ரோட்டரி எஞ்சின்களை மட்டுமே பார்க்கும் பட்டறை ஒன்றுக்கு வண்டியைக் கொண்டுபோனோம். இந்த எஞ்சினில் பிஸ்டன் கிடையாது. இடை ஒடுங்கிய நிலக்கடலை வடிவிலான கூட்டுக்குள் முக்கோணச் சுழலி ஒன்று சுற்றுகிறது, அதன் மூன்று முனைகளிலும் உள்ள மெல்லிய உலோகப் பட்டைகளே வாயு கசியாமல் காக்கின்றன. அந்தப் பட்டைகள் கூட்டின் உட்சுவரில் வரிவரியாகக் கீறியதை 1960களில் மாஸ்டா பொறியாளர்கள் ‘பேயின் நகக்கீறல்’ என்று அழைத்தார்கள் என்பதும், கெனிச்சி யமமோத்தோவின் தலைமையில் 47 பேர் அதோடு மல்லுக்கட்டிய பிறகே 1967இல் மாஸ்டாவின் முதல் ரோட்டரி காரான காஸ்மோ ஸ்போர்ட் வெளிவந்தது என்பதும் இந்த ஊரில் பலருக்கும் தெரிந்த கதை.

ஆகவே அழுத்தச் சோதனைதான் முதல் வேலை. புதிய எஞ்சினில் ஒவ்வோர் அறையிலும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 8.5 கிலோ இருக்க வேண்டும். 7க்குக் கீழே போனால் எஞ்சினைப் பிரிக்க வேண்டியதுதான். எங்களுக்கு முன் சுழலியில் 8.1, 8.0, 8.2 என்றும், பின் சுழலியில் 7.8, 7.9, 7.6 என்றும் வந்தது. பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

பட்டறைக்காரர் அவ்வளவு மகிழவில்லை. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் இரண்டு டர்போக்களில் முதலாவது குறைந்த சுழற்சியிலிருந்தே வேலை செய்ய, நிமிடத்துக்கு ஏறக்குறைய 4,500 சுழற்சியில் இரண்டாவது சேர்ந்துகொள்ளும்படி அமைத்திருக்கிறார்கள். அந்தக் கைமாற்றத்தை நடத்துவதற்கென்று எஞ்சினின் மேல் வெற்றிடக் குழாய்கள் கூடை முடைந்தாற்போலப் பின்னிக் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றை அவர் விரலால் வளைத்தார். சுள்ளி முறிவது போல முறிந்தது. வெளியே ஒரு கீறல் இல்லாத வண்டியை நன்றாகப் பாதுகாக்கப்பட்டது என்று நாம் சொல்கிறோம்; ஆனால் வண்ணத்தைக் காத்த அந்த உறை, 33 ஆண்டாக வெப்பத்தில் வெந்த ரப்பரைக் காக்கவில்லை. எல்லாவற்றையும் சிலிகான் குழாய்களாக மாற்றிவிடச் சொன்னேன். அந்த வேலைக்கு ஏப்ரல் மாதம்தான் முறை கிடைத்தது.

மார்ச் 20, வியாழன், விடுமுறை

இன்றைய தவறு முழுக்க என்னுடையது. கொட்டகையைப் பெருக்குவதற்காக வண்டியைப் பத்தடி வெளியே நகர்த்தி, உடனே அணைத்துவிட்டேன். பெருக்கி முடித்துச் சாவியைத் திருப்பினால், சுழலும் ஓசைதான் வந்ததே தவிர எஞ்சின் பற்றவில்லை. குளிர்ந்த ரோட்டரிக்குப் பெட்ரோல் தாராளமாகப் பாயும். சூடேறுவதற்குள் அணைத்தால் எரியாத பெட்ரோலில் ஸ்பார்க் பிளக்குகள் நனைந்துவிடும். பெரியவர் திட்டவில்லை. பெட்ரோல் பம்ப்பின் ஃபியூஸைப் பிடுங்கி, நான்கு பிளக்குகளையும் கழற்றி, எஞ்சினைச் சுழலவிட்டு உள்ளே தேங்கியதை வெளியேற்றி, துடைத்து மாட்டி, நாற்பது நிமிடத்தில் உயிர் கொடுத்தார். தெரு முழுதும் புகை. “இதை எழுப்பினால், முகம் கழுவும் வரை தூங்கவிடக் கூடாது” என்று மட்டும் சொன்னார்.

ஏப்ரல் 4, வெள்ளி

பெயர் மாற்றம் இன்று முடிந்தது. வாகன நிறுத்துமிடம் இருப்பதற்கான காவல்துறைச் சான்றிதழ் மார்ச்சிலேயே கிடைத்துவிட்டது. இருந்தும் ஏப்ரல் பிறக்கட்டும் என்று பெரியவர் ஏன் இழுத்தடித்தார் என்பது போக்குவரத்து அலுவலகத்தில்தான் புரிந்தது. ஏப்ரல் 1 அன்று யார் பெயரில் வண்டி இருக்கிறதோ, அவருக்கே அந்த ஆண்டின் வரி. இதன் கொள்ளளவு 1,308 சிசிதான்; ஆனால் ரோட்டரி என்பதால் ஒன்றரை மடங்காக, 1,962 என்று கணக்கிடுகிறார்கள். அதற்குரிய 39,500 யென், வண்டி 13 ஆண்டைக் கடந்துவிட்டதால் 45,400 ஆகிறது.

எண் பலகை மாறவில்லை. ஹிரோஷிமா என்ற ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில், வண்டியின் வகையைக் குறிக்கும் 33 என்ற ஈரிலக்கம். இப்போதெல்லாம் மூன்றிலக்கம்தான் தருகிறார்கள். ஈரிலக்கப் பலகை என்றால் வண்டி ஊரை விட்டுப் போனதில்லை என்று தெரிந்தவர்கள் புரிந்துகொள்வார்கள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

புதிய குழாய்களோடு முதல் ஓட்டம். எண்ணெய் சூடேறும் வரை பொறுமையாக ஓட்டிவிட்டு, விரைவுச்சாலையின் நுழைவுச் சரிவில் இரண்டாம் கியரில் மிதித்தேன். 4,500ஐ முள் தொட்டபோது மூச்சை உள்ளிழுத்தது போன்ற மிகச் சிறிய தயக்கம். அடுத்த நொடி முதுகு இருக்கையில் அழுந்தியது. 255 குதிரைத்திறன் இன்றைய கணக்கில் பெரிதல்ல. ஆனால் வண்டியின் எடை 1,260 கிலோவை ஒட்டியே இருப்பதாலும், எஞ்சின் முன் அச்சுக்குப் பின்னால் தாழ்வாக அமர்ந்திருப்பதாலும், வளைவில் மூக்கு நினைத்த இடத்துக்குப் போகிறது. பக்கத்து இருக்கையில் பெரியவர் முழு வழியும் வேகமானியைப் பார்க்கவில்லை, வெப்பமானியையே பார்த்துக்கொண்டு வந்தார். லிட்டருக்கு 6 கிலோமீட்டர் சொச்சம் கொடுத்தது. அதைப் பற்றி இருவருமே பேசவில்லை.

மே 10, சனி

வரிச் சீட்டு எதிர்பார்த்தபடியே பெரியவர் வீட்டுக்கு வந்தது. பணத்தை உறையிலிட்டுக் கொண்டுபோனேன்; நேற்றே கட்டிவிட்டேன் என்று ரசீதை என் கையில் திணித்தார். வாங்க மறுத்ததோடு, ஒரே ஒரு வேலை சொன்னார். வாசலில் நின்றபடியே முன்விளக்குகளை உயர்த்தச் சொன்னார். உயர்த்தினேன், இடது விளக்கு வலதை விட அரை நொடி தாமதமாக எழுந்தது.

“1998இலிருந்து அப்படித்தான்” என்றார்.