ஆக்சிமீட்டரும் ஊர்த் தூரமும்

2021 கொரோனா இரண்டாம் அலையில் மதுரை கோரிப்பாளையத்துக்காரருக்கு ராஜாஜி மருத்துவமனை நடக்கிற தூரம். எழுமலை, பேரையூர் பக்கம் அப்படியில்லை. ரத்த ஆக்சிஜன் அளவு 94 சதவீதத்துக்குக் கீழே இறங்கட்டும் என்று அங்கே காத்திருக்கக் கூடாது.

அந்த அளவை விரலில் மாட்டிப் பார்க்கும் கருவிதான் ஆக்சிமீட்டர். அதற்கு முதலில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஓய்வு, மருதாணியோ நகப்பூச்சோ இல்லாத விரல், எண் நிலைக்க ஒரு நிமிடம். பிறகு 6 நிமிடம் வீட்டுக்குள் நடந்து மறுபடி பார்க்கணும் (ஏற்கனவே மூச்சு வாங்குகிறவரை நடக்க விடாதீர்கள்). 3 புள்ளி இறங்கினாலே கிளம்பிவிடுங்கள். கறுத்த தோலில் கருவி கொஞ்சம் கூட்டிக் காட்டலாம், நம்மூருக்கு இது முக்கியம்.

வண்டியில் கொண்டுபோகும் பி டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் ஆக்சிஜன். நிமிடத்துக்கு 10 லிட்டர் போனால் இரண்டரை மணி நேரம்தான். பயணத்துக்குப் போதும், ஆனால் படுக்கைக்காக மருத்துவமனை வாசலில் நிற்கும் நேரத்தை யாரும் சேர்ப்பதில்லை. மாற்று சிலிண்டரும் அதைத் திறக்கும் சாவியும் வண்டியிலேயே இருக்கணும்.