வீட்டு இலக்கம்: 00

உயர்தரப் பரீட்சைக்கு நான் படித்தது இரண்டு வருடம். பாஸான பிறகு கடதாசி சேர்க்க அலைந்தது ஏழு மாதம். அந்த ஏழு மாதத்தைப் பற்றி யாருமே எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லக்கூடிய ஆளும் இல்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிசனில் எனக்கு முன் கெம்பஸ், அதாவது பல்கலைக்கழகம், போனவர்கள் கிடையாது.

2014 ஆகஸ்ட்டில் சோதனை எழுதினேன். தமிழ், புவியியல், இந்து நாகரிகம். வருடக் கடைசியில் பெறுபேறு வந்தது: இரண்டு ஏ, ஒரு பி. நாங்கள் இருக்கும் வரிசை வீடு, அந்த லயமே கூடிவிட்டது. கெம்பஸ் உறுதி என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் ஏ, பி எழுத்துகளை வைத்து யாரையும் எடுப்பதில்லை. இசட் புள்ளிதான் கணக்கு. ஒரு பாடத்தில் நாடு முழுக்க மற்றவர்கள் எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பார்த்து, அந்தச் சராசரியிலிருந்து நாம் எவ்வளவு மேலே நிற்கிறோம் என்று எடுப்பது. அதனால் ஒரே பெறுபேறு உள்ள இரண்டு பேருக்கு இரண்டு விதமான புள்ளி வரும். இதை அம்மாவுக்கு விளக்கப் போய், "அப்ப பாஸா, பெயிலா?" என்ற கேள்வியில் வந்து நின்றேன்.

விண்ணப்பத்தை ஹட்டன் டவுனில் ஒரு கொமினிகேஷன் கடையில் போட்டேன். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை முதல் நாளே வாங்கி, எந்தக் கற்கை, எந்தப் பல்கலைக்கழகம் என்று கொப்பியில் வரிசைப்படுத்தியிருந்தேன். இந்த வரிசையில் மட்டும் அவசரப்படாதீர்கள். மேலே எழுதியது கிடைத்தால் கீழே எழுதியவை இல்லாத மாதிரித்தான். நான் முதலில் பேராதனையின் கலைப்பீடத்தைப் போட்டேன். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரே பஸ்ஸில் வீட்டுக்கு வரலாம்.

டைப் செய்த தம்பி கேட்டார்: "வீட்டு நம்பர்?"

"இல்ல."

"நம்பர் இல்லாம எப்படி? எங்க இருக்கீங்க?"

"லயத்துல. தொங்கல் காம்பரா."

லயத்தின் கடைசி அறை என்று அர்த்தம். அவர் தலையைச் சொறிந்தார். அந்த இடத்தில் ஏதாவது ஒன்றை அடித்தால்தான் அவருக்குத் திருப்தி. கடைசியில் 00 என்று போட்டுவிட்டார். எங்கள் வீட்டுக்குக் கிடைத்த முதல் இலக்கம் அதுதான். என் தம்பி, தங்கச்சி இருவரும் ஒரு மாதத்துக்கு அதைச் சொல்லியே சிரித்தார்கள்.

சிரிப்பு ஏப்ரல் வரைக்கும்தான். எங்கள் தோட்டத்தில் எத்தனை குடும்பம் இருந்தாலும் முகவரி ஒன்றுதான். தபால் எல்லாம் ஆபிசுக்கு வரும். அங்கே யாராவது பிரித்து, பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரிக்கிற இடத்துக்கு, வருகிற ஆளிடம் கொடுத்துவிட்டால் வரும். மறந்தால் மேசையிலேயே கிடக்கும். எனக்கு ஒரு கடிதம் வந்தது. உறையில் இருந்த முத்திரைக்கும் அது என் கைக்கு வந்த நாளுக்கும் இடையே 16 நாள். ஆவணத்தில் பெயர் ஒத்துப்போகவில்லை, குறித்த திகதிக்குள் உறுதிப்படுத்து என்று எழுதியிருந்தது. அந்தத் திகதிக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. கிடப்பில் போட்டவர் யார் என்று கேட்டு அப்பா ஆபிசுக்குப் போனார். அங்கே எல்லோரும் நல்லவர்கள். யாருமே அந்தக் கடிதத்தைப் பார்க்கவில்லையாம்.

பெயர்ப் பிரச்சினை இதுதான். நான் பிறந்தபோது தோட்டத்து ஆபிஸ் வழியாகத்தான் பதிவு. சொன்னவர் தமிழில் சொல்லியிருப்பார், எழுதியவர் சிங்களத்தில் எழுதியிருக்கிறார். என் பெயரில் ஒரு 'ஷ்', பதிவில் 'ஸ்' ஆகிவிட்டது. அடையாள அட்டையில் சரியாக இருக்கிறது. பரீட்சை அட்டையிலும் சரி. ஆங்கிலத்துக்குப் போனால் ஒரே ஒரு ஹெச் கூடக்குறைய. அந்த ஹெச்சுக்காக மூன்று நாள் ஓடினோம்.

முதல் நாள் கிராம உத்தியோகத்தர். அவர் ஆபிசில் இருக்கும் நாள் வேறு, நாங்கள் போன நாள் வேறு. வீடு தேடிப் போய் அவருக்காக வாசலில் காத்திருந்தோம். இரண்டாம் நாள் சமாதான நீதவான். இரண்டு பெயரும் ஒரே ஆளுக்கு உரியவை என்று சத்தியக் கடதாசி. மூன்றாம் நாள் காலையில் பதிவுத் தபால். ரசீதை அம்மா சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். அந்த ஓட்டம் பத்தாது. பிறகு மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் பிறப்புப் பதிவையே திருத்துவதற்கு நான்கு தரம் போய் வந்தோம்.

அம்மா கூட வந்த ஒவ்வொரு நாளுக்கும் கணக்கு இருக்கிறது. அப்போது கொழுந்து எடுப்பவருக்கு நாளைக்கு 620 ரூபா. அதில் அடிப்படைச் சம்பளம் 450 ரூபாதான். 140 ரூபா வரவுக் கொடுப்பனவு, மிச்சம் 30 ரூபா விலைப்பங்கு. வேலை கொடுத்த நாளில் 75 வீதத்துக்காவது போகாவிட்டால் அந்த 140 ரூபா மாதம் முழுக்கவே போய்விடும். ஒரு நாள் லீவு என்பது ஒரு நாளோடு முடிகிற விசயமில்லை. ஏப்ரலில் அம்மாவுக்கு அந்த வரவுப் பணம் கிடைக்கவில்லை. அதை எனக்குச் சொன்னது அம்மா இல்லை, பக்கத்துக் காம்பரா அத்தை.

சரி, கிடைத்தது. பேராதனை, கலைப்பீடம். மருத்துவச் சான்றிதழ், பதிவு, மகாபொல புலமைப்பரிசிலுக்கு வருமானச் சான்று எல்லாம் ஓரளவு லேசாகவே முடிந்தன. அதற்குள் எனக்குப் பழகிவிட்டது. எதையும் ஐந்து பிரதி எடுத்துத்தான் கிளம்புவேன்.

விடுதியில் எனக்குக் கதவில் இலக்கம் எழுதிய ஒரு ரூம் கிடைத்தது. மூன்று பேர். ஒருத்தி மட்டக்களப்பு, ஒருத்தி யாழ்ப்பாணம். யாழ்ப்பாணத்துக்காரி முதல் கேள்வியே, "நீர் எவ்விடம்?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. நாடகத்தில் ராஜா கேட்கிற மாதிரி இருந்தது. அவர்கள் பக்கத்தில் அது மரியாதையும் நெருக்கமும் சேர்ந்த சொல் என்று விளங்க இரண்டு கிழமை ஆனது. அப்புறம் ஒருநாள், "சேர் என்னோட ரொம்ப நேரம் பேசினாரு" என்று சந்தோசமாகச் சொன்னேன். "ஐயோ, ஏன் பேசினவர்? நீர் என்ன செய்தனீர்?" என்று பதறிப்போனாள். அவளுக்குப் பேசுவது என்றால் ஏசுவது. அவர்கள் கதைப்பார்கள், நாங்கள் பேசுவோம். ஒரே பாஷைக்குள் இவ்வளவு இருக்கும்போது ஆங்கில வகுப்பை நினைத்துப் பயப்படுவானேன் என்று அன்றைக்குத் தோன்றியது. (பயம் போகவில்லை. அது வேறு.)

உண்மையான அடி விழுந்தது முதல் ஒப்படையில். பெருந்தோட்டத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். எனக்கா தெரியாது? டியூசன் நோட்ஸ் மனப்பாடம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார், 1869இல் கோப்பிக்கு இலைநோய் வந்தது, கோப்பி அழிந்தது, தேயிலை பரவியது. ஆறு பக்கம், அழகான கையெழுத்து. திரும்பி வந்தபோது ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே கேள்வி: "யார் சொன்னது?" பக்கத்துக்குப் பக்கம் அதே கேள்வி. விரிவுரையாளர் என்னைக் கூப்பிட்டு, இதே வசனத்தை இன்னும் பலர் எழுதியிருக்கிறார்கள் என்று மெதுவாகச் சொன்னார். எங்கள் எல்லோருக்கும் ஒரே நோட்ஸ்தானே.

உயர்தரத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. சரியான விடை என்றால் புள்ளி, அவ்வளவுதான். இங்கே விடை சரியாக இருந்தாலும், எங்கிருந்து எடுத்தாய் என்று காட்ட வேண்டும். நூலகத்தில் இரண்டு கிழமை உட்கார்ந்தேன். தேடிய ஆண்டுகள் எல்லாம் கிடைத்தன. ஒன்று மட்டும் கிடைக்கவில்லை: கொழுந்து நிறுக்கிறபோது நடப்பது. அதை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன், ஆனால் எந்தப் பக்க இலக்கத்தைப் போடுவது?

அம்மாவுக்குப் போன் எடுத்தேன். மழை, மலையில் நின்று கத்திக் கத்திப் பேசினார். "பதினெட்டுக் கிலோ எடுத்தா முழுப் பேரு. கொறைஞ்சா அரப்பேரு. சாக்குக்கும் தண்ணிக்கும்னு கழிப்பாங்க. எதுக்குடி இதெல்லாம் ஒனக்கு, நீ தப்பிச்சுப் போயாச்சுல்ல?"

பேர் என்றால் எங்களுக்கு ஒரு நாள் சம்பளம். இதை எப்படிக் காட்டுவது என்று விரிவுரையாளரிடம் கேட்டேன். நேர்காணல் என்று போடுங்கள். பெயர், தொழில், இடம், திகதி என்றார். அடிக்குறிப்பில் எழுதினேன்: அம்மாவின் பெயர், கொழுந்து பறிப்பவர், தோட்டத்தின் பெயர், கீழ்ப்பிரிவு, தொலைபேசி வழி. எழுதிவிட்டு இடத்தை இன்னொரு தரம் பார்த்தேன். ஆபிசில் 16 நாள் கிடந்த உறையில் இருந்த அதே முகவரி.

முதல் வருடப் பெறுபேற்றைப் பார்த்துத்தான் சிறப்புக் கற்கைக்கு எடுப்பார்கள். அதாவது மூன்று வருடத்தில் வெளியே போவதா, நான்கு வருடம் ஒரே பாடத்தில் ஊன்றுவதா என்பது. புவியியல் கேட்டேன், கிடைத்தது. அந்த முதல் ஒப்படைக்கு மட்டும் சி. அதை நான் மறைப்பதில்லை.

தங்கச்சி 2017இல் சோதனை எழுதினாள். விண்ணப்பம் போடும் நாளில் நானே ஹட்டனுக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முகவரிக்கு 00 போடவில்லை. டவுனில் எங்கள் அப்பா பல வருடமாகக் கடனுக்குச் சாமான் வாங்குகிற கடை ஒன்று இருக்கிறது. முதலாளியிடம் கேட்டு அவர் கடையின் இலக்கத்தைப் போட்டோம். தோட்டத்தில் இருக்கிறவர்கள் இதைச் செய்யுங்கள், விண்ணப்பத்துக்கு முன்னாலேயே. பிறப்புப் பதிவை அதற்கும் முன்னால், சாதாரண தரப் பரீட்சை (ஓ.எல்.) முடிந்த கையோடு எடுத்து ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். அவளுடையதில் அப்பாவின் பெயர் பிழையாக இருந்தது. நேரத்தோடு திருத்தினோம், அம்மா ஒரு நாள்தான் லீவு போட்டார்.

அடுத்த வருடம் ஒரு சனிக்கிழமை, பேராதனை வளாகத்தில் இருக்கும் குறிஞ்சிக் குமரன் கோயில் படியில் உட்கார்ந்திருந்தபோது முதலாளி போன் எடுத்தார்.

"புள்ள, ஒந் தங்கச்சிக்கு காயிதம் வந்திருக்கு. நேத்து வந்துச்சு. பிரிச்சுப் படிக்கவா?"

"வேணாம் மாமா, கல்லாப்பெட்டியில வைங்க" என்று சொல்லிவிட்டு, ஹட்டன் பஸ்ஸைப் பிடிக்கக் கலஹா சந்திக்கு ஓடினேன்.