வேற திட்டம் வரும்மா

கஜா புயல் முடிந்து, நிவாரண வேலைக்காகப் பேராவூரணிப் பக்கம் ஊர் ஊராகக் கூட்டம் போட்டுக்கொண்டிருந்த சமயம். கரண்ட் அப்போதுதான் திரும்ப வந்திருந்தது. மாரியம்மன் கோயில் வாசலில் நின்று, பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொன்னேன். இனிமேல் வருகிற புயல் இன்னும் பலமாக வரும். தென்னங்கீற்றுக் கூரை தாங்காது. நாங்கள் கட்டித் தருகிற வீட்டுக்குத் தகரம் போட்டு, கொக்கி மாட்டி முறுக்கிக் கட்டித் தருகிறோம். யாரும் பழையபடி கீற்று வேயாதீர்கள்.

ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு அம்மா எழுந்தார். "ஏன் தம்பி, கீத்து வேணாம்னா நாங்க என்ன பண்றது?"

வீட்டைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்து, "அதான் தகரம் தர்றோமேம்மா" என்றேன்.

"அதில்ல தம்பி. கீத்து முடையிறதுதானே எங்களுக்குத் தொழிலு."

அப்போதுதான் அவர் கையைப் பார்த்தேன். வலது கட்டைவிரல் நகம் பிளந்திருந்தது. விரல் இடுக்கெல்லாம் ஊறின மட்டையின் கறை.

"அதுக்கு வேற திட்டம் வரும்மா" என்றேன்.

அவர் உட்கார்ந்துவிட்டார். நான் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டேன்.

வரும் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. வராது என்றும் தெரியாதே என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அறுபது எழுபது பேர், பாதிப் பேருக்குத் தலைக்கு மேல் தார்ப்பாய்தான், அவர்கள் முன்னால் நின்று "தெரியலம்மா" என்று எப்படிச் சொல்வது? நம்பிக்கையாக ஒரு வார்த்தை சொன்னதில் என்ன தப்பு? இப்படிச் சமாதானம் செய்துகொண்டு படுத்தால் அந்தக் கறை பிடித்த விரல்கள் வந்து நிற்கும்.

கீற்று முடைவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். மட்டையை நடுவில் பிளந்து, கட்டாகக் கட்டி, மேலே கல்லை வைத்துக் குட்டையில் ஊறப்போடுவார்கள். எடுக்கும்போது ஒரு புளித்த வாடை வரும். குனிந்து உட்கார்ந்து, காலால் அழுத்திக்கொண்டு, ஓலையை ஒன்று மாற்றி ஒன்று மடக்கி முடைந்துகொண்டே போவார்கள். நூறு கீற்றுக்கு இவ்வளவு என்று கூலி. குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு செய்யலாம், வயதானவர்களும் செய்யலாம். அதனால்தான் வேறு வேலைக்குப் போக முடியாத பெண்கள் அதில் இருந்தார்கள்.

புயல் முடிந்த முதல் இரண்டு மாதம் அவர்களுக்கு ஓய்வே இல்லை. பார்த்த இடமெல்லாம் மட்டை கிடந்தது, எல்லோருக்கும் கூரை வேண்டியிருந்தது. அதற்கப்புறம் மட்டை இல்லை. விழுந்த தென்னைக்குப் பதில் நட்ட நெட்டை ரகக் கன்று காய்க்க ஆறேழு வருடம் ஆகும்.

விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாயும், அதை வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும் அரசு கொடுத்தது. மொத்தம் 1,100. அறுபது வருடம் காய்க்கிற மரத்துக்கு இது ஒரு தொகையா என்று தோப்புக்காரர்கள் கொதித்தார்கள், நியாயம்தான். ஆனால் அந்தத் தொகையும் நிலம் தன் பெயரில் என்று காட்ட சிட்டா அடங்கல் இருப்பவருக்குத்தான். ஏறுகிறவர், உரிக்கிறவர், விளக்குமாற்றுக்கு ஈர்க்குச்சி சீவுகிறவர், கீற்று முடைகிறவர், இவர்கள் பெயரில் மரம் இல்லையே. எங்கள் படிவம் மட்டும் என்ன? 'இழந்தவை' என்ற இடத்தில் ஆடு, மாடு, கோழி, படகு, வலை, தையல் மெஷின் என்று இருந்தது. அந்த அம்மாவுக்கு எழுதும்போது எல்லாவற்றுக்கும் நேராகக் கோடு போட்டேன். அவருடைய அரிவாள் பத்திரமாக வீட்டில் இருந்தது. போனது மரம். மரம் அவருடையது இல்லை.

மாத அறிக்கையில் ஒரு வரி எழுதினேன், கீற்று முடையும் பெண்களுக்கு மாற்றுத் தொழில் தேவை என்று. தையல் பயிற்சி வந்தது, வயது வரம்பு 45. அந்த அம்மா ஐம்பதைத் தாண்டியவர். எழுதினேனே என்பது எனக்கு ஒரு ஆறுதல். ஒரு வரிதானே எழுதினாய் என்பதும் என் குரல்தான்.

கீற்று வேண்டாம் என்று சொன்னதை மட்டும் இன்றும் மாற்ற மாட்டேன். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் அந்தக் காற்றுக்கு நடுவே கீற்று வீட்டுக்குள் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களிடம் பேசியிருக்கிறேன். இன்னொரு முறை யாரும் அப்படி உட்காரக் கூடாது. சரி, அப்படியென்றால் அடுத்த மே மாதம் நான் பார்த்ததை எங்கே வைப்பது? நாங்கள் கட்டிய வீடுகளில் மதியம் ஒரு ஆள் உள்ளே இல்லை, தகரம் அப்படிக் கொதித்தது. நாலைந்து வீட்டில் தகரத்துக்கு மேல் கீற்றைப் பரப்பியிருந்தார்கள். யார் முடைந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

2022-ல் எகிப்தின் ஷர்ம் எல் ஷேக்கில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில், காலநிலை மாற்றத்தால் வரும் இழப்புக்கும் சேதத்துக்கும் தனி நிதி என்று முடிவானது. அடுத்த வருடம் துபாயில் அதைத் தொடங்கியும் வைத்தார்கள். சிறு தீவு நாடுகளுக்காக, பசிபிக் தீவு நாடான வனுவாட்டு இப்படி ஒன்றை 1991-லேயே கேட்டிருக்கிறது. முப்பது வருடம் விடாமல் கேட்டு வாங்கியிருக்கிறார்கள், செய்தியைப் பார்த்தபோது உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. கூடவே ஒரு பயமும். அந்தப் பணம் எத்தனை அலுவலகம் தாண்டி வந்தாலும் கடைசியில் ஒரு ஊரில், ஒரு கோயில் வாசலில், படிவத்தோடு ஒருவன் நிற்பான். அந்தப் படிவத்தில் என்ன கேட்டிருக்கும்? சொத்து இல்லாதவருக்கு இழப்பும் இல்லை என்று அவனும் கோடு போடுவானா?

படிவத்தைக் குறை சொல்வது எனக்குச் சுலபம், அதுவும் தெரிகிறது. அன்றைக்கு அந்த அம்மா படிவத்திடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்டார். "எனக்குத் தெரியலம்மா, நாளைக்கு உங்க வீட்டுக்கு வந்து பேசுறேன்" என்று சொல்லியிருக்கலாம். யாரும் கோபப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் மறுநாள் காலையில் எனக்கு அடுத்த ஊரில் கூட்டம் இருந்தது. அங்கேயும் இதையேதான் பேசினேன்.