பக்கத்து நாற்காலி

ஆகஸ்ட் 4, 2025 – திங்கள்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்துத் தேறிய மாணவி ஒருவர் இன்று மாலை என் அறைக்கு வந்திருந்தார். தணிக்கை நிறுவனம் ஒன்றில் வேலை. சம்பளத்தில் குறையில்லை, வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே பணியாற்றலாம், மேலாளரும் கடிந்து பேசாதவர். இருந்தும், வேலையை விட்டுவிடலாமா என்று கேட்கத்தான் வந்திருக்கிறார். காரணத்தை முதலில் அவரால் சொல்ல முடியவில்லை. பிறகு, "சார், இந்த இரண்டு வருடத்தில் என் மேலாளர் ஒரு வாடிக்கையாளரிடம் பேசி நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை" என்றார். இவர் அனுப்பும் கோப்பின் ஓரத்தில் மேலாளர் குறிப்பு எழுதித் திருப்பி அனுப்புகிறார், இவர் திருத்திவிடுகிறார். ஆனால் அந்தப் பிழை மேலாளர் கண்ணில் எப்படிப் பட்டது, எந்த எண்ணைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகம் வந்தது என்பது மட்டும் இவருக்குத் தெரிவதே இல்லை.

மனிதவள மேலாண்மையை 26 ஆண்டுகளாகக் கற்பிக்கிறேன். பயிற்சித் தேவையை மதிப்பிடுவது, பயிற்சியின் பயனை அளப்பது என்றெல்லாம் ஒரு பருவம் முழுவதும் பேசுகிறேன். இந்தப் பெண் சொன்ன குறைக்கு என் பாடத்திட்டத்தில் ஒரு வரிகூட இல்லை என்பது அவர் போன பிறகுதான் உறைத்தது. வேலையை விடுவதா வேண்டாமா என்று நான் எதுவும் சொல்லவில்லை. ஒரு மாதம் பொறுத்திருக்கும்படி மட்டும் கேட்டுக்கொண்டேன்.

ஆகஸ்ட் 6 – புதன்

நேற்றிரவு சரியாகத் தூக்கம் வரவில்லை. நான் எப்படி வேலை கற்றேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆராய்ச்சிப் படிப்புக்குப் போவதற்கு முன் மூன்று ஆண்டுகள் ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தில் எழுத்தராக இருந்தேன். சிங்கப்பூரின் ஷென்டன் வேயில் அலுவலகம். எனக்கென்று தனி மேசை போட இடமில்லாததால், மூத்த எழுத்தர் ஒருவரின் மேசையோரத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்தார்கள். அவரை அண்ணே என்றுதான் எல்லாரும் அழைப்போம். தொலைபேசியை எடுத்ததும் எதிர்முனையில் இருப்பவரை முதலில் பேசவிடுவார். சரக்கு வர நான்கு நாள் தாமதமாகும் என்பதைச் சொல்வதற்கு முன்பாகவே, அந்தச் சரக்குக்கு எந்தக் கிடங்கில் இடம் பிடித்து வைத்திருக்கிறோம் என்பதைச் சொல்லி முடித்திருப்பார். எவரிடம் கெட்ட செய்தியை முதலில் சொல்ல வேண்டும், எவரிடம் கடைசியில் சொல்ல வேண்டும் என்பதற்கு அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. அதை அவர் ஒருநாளும் எனக்கு விளக்கியதில்லை. விளக்கச் சொல்லியிருந்தால் அவராலும் முடிந்திருக்காது. நம் அறிவில் பெரும்பகுதி சொல்லில் அடங்காதது என்று தத்துவ அறிஞர் மைக்கேல் போலன்யி 1960களில் எழுதியதைப் பின்னாளில் படித்தபோது, எனக்கு அண்ணனின் குரல்தான் காதில் கேட்டது.

என்னை அங்கே உட்காரவைத்ததற்கு எந்தப் பயிற்சித் திட்டமும் காரணமில்லை. இடப் பற்றாக்குறைதான் காரணம்.

ஆகஸ்ட் 10 – ஞாயிறு

தேசிய தினத்துக்கு மறுநாள். தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு, பஃப்ளோ ரோட்டில் வழக்கமாகப் பூ வாங்கும் கடையில் நின்றேன். மனைவி கேட்ட மல்லிகைச் சரத்தை இரண்டே நிமிடத்தில் வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கலாம். அரை மணி நேரம் நின்றுவிட்டேன். கடையில் மூவர் மாலை கட்டிக்கொண்டிருந்தார்கள். இளையவர் வாழைநாரை நனைத்துக் கிழித்துக் கொடுத்துக்கொண்டும் பூவைத் தரம் பிரித்துக்கொண்டும் இருந்தார். அடுத்தவர் சிறு சரங்கள் தொடுத்தார். மூத்தவரிடம் மட்டும் கல்யாண மாலை இருந்தது. இளையவருக்குக் கைவேலை நார் கிழிப்பதில் இருந்ததே தவிர, அவர் கண் மூத்தவர் விரலைவிட்டு அகலவில்லை.

ஜீன் லேவ் என்ற மானுடவியலாளர் 1970களில் லைபீரியாவின் தையல்காரர்களிடையே கண்டது இதைத்தான். அங்கே தொழில் பழக வரும் பையனுக்கு முதலில் தருவது பொத்தான் தைப்பதும் ஓரம் மடித்துத் தைப்பதும். பிறகே துண்டுகளை இணைத்துத் தைக்க விடுவார்கள். துணி வெட்டுவது கடைசியில் வரும். உடை உருவாகும் வரிசைக்கு நேர்மாறான வரிசை இது. பொத்தானில் தவறு செய்தால் நஷ்டம் சிறியது, துணியை வெட்டுவதில் தவறினால் பெரியது என்பது ஒரு காரணம். ஆனால் பொத்தான் தைக்கும் பையனின் மடியில் முழுச்சட்டை கிடக்கிறது என்பதை நான் அதைவிட முக்கியமாகக் கருதுகிறேன். கடைசியில் எது எப்படி அமைய வேண்டும் என்பதை அவன் முதல் நாளிலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

அலுவலகங்களில் நாம் சில்லறை வேலை என்று சொல்வதெல்லாம், பற்றுச்சீட்டையும் பேரேட்டையும் ஒப்பிடுவது, கூட்டக் குறிப்பு எழுதுவது, அட்டவணை சரிபார்ப்பது எல்லாமே, அந்த நாரும் பொத்தானும்தாம். அவற்றின் கூலி சொற்பம். ஆனால் பக்கத்தில் உட்கார உரிமை தந்தது அந்த வேலைதான். இப்போது அவற்றைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் கொடுக்கிறோம். மிச்சமாகும் நேரத்தைக் கணக்குப் பார்க்கிறவர்கள், அந்த வேலையோடு சேர்ந்து போகும் நாற்காலியைக் கணக்கில் எடுப்பதில்லை. இதை வகுப்பில் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 14 – வியாழன்

பருவத்தின் முதல் வகுப்பு. பொருளியலாளர் கேரி பெக்கரிலிருந்து தொடங்கினேன். 1964இல் அவர் முன்வைத்த கேள்வி இன்றும் கூர்மையானது: எந்த நிறுவனத்திலும் பயன்படக்கூடிய திறனை ஓர் ஊழியருக்குக் கற்றுக்கொடுக்க ஒரு முதலாளி ஏன் பணம் செலவிட வேண்டும்? கற்ற கையோடு அவர் அடுத்த நிறுவனத்துக்குப் போய்விடலாம் அல்லவா? ஆகவே பொதுத்திறனுக்கான செலவைக் கடைசியில் ஊழியரே குறைந்த சம்பளத்தின் வடிவில் ஏற்றுக்கொள்கிறார் என்பது பெக்கரின் விடை.

சிங்கப்பூர் இதற்கு வேறொரு விடையைத் தேடியது. 1979 முதல் முதலாளிகளிடமிருந்து திறன் மேம்பாட்டுத் தீர்வை வசூலிக்கப்படுகிறது. இன்றைய விகிதம் மாதச் சம்பளத்தில் 0.25 விழுக்காடு, ஓர் ஊழியருக்குக் குறைந்தது 2 வெள்ளி, அதிகபட்சம் 11 வெள்ளி 25 காசு. கற்றவர் எங்கே போனாலும் எல்லா முதலாளிகளும் சேர்ந்தே செலவைத் தாங்குகிறார்கள் என்பதால், பெக்கரின் சிக்கலுக்கு இது நல்ல பதில் என்றே இத்தனை ஆண்டுகளும் கற்பித்து வந்திருக்கிறேன். இப்போதும் அதை மறுக்கவில்லை. ஆனால் இந்த ஏற்பாடு எளிதில் வாங்கக்கூடியது வகுப்பைத்தான்: அதற்குக் கட்டணம் உண்டு, வருகைப்பதிவு உண்டு, சான்றிதழ் உண்டு. அனுபவம் மிக்க ஒருவர் தன் வேலையைச் சற்று மெதுவாகச் செய்து, பக்கத்தில் இருப்பவர் பார்த்துக்கொள்ள அனுமதிக்கும் அந்த மெதுவுக்கு எந்தப் பற்றுச்சீட்டும் கிடையாது. மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் தொழில்களில் அந்த மெதுவு நேரடியாக நஷ்டம்.

பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர், அப்படியானால் நாங்கள் குறைந்த சம்பளத்துக்குச் சம்மதிக்க வேண்டுமா சார் என்று கேட்டார். கேள்வியில் கோபம் இருந்தது. அது நியாயமான கோபம். இல்லை என்றேன். ஏன் இல்லை என்பதை நிறைவாகச் சொல்ல எனக்கு நேரம் போதவில்லை. நேரம் இருந்திருந்தாலும் போதியிருக்குமா என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 15 – வெள்ளி

வீட்டிலிருந்து பணியாற்றுவதற்கு நான் எதிரி என்று நேற்றைய வகுப்பில் சிலர் நினைத்துவிட்டார்கள் போலும். நான் எதிரியல்லன். நீக்குப்போக்கான வேலை ஏற்பாடுகள் குறித்து அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கமும் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகள் 2024 டிசம்பர் 1இல் நடப்புக்கு வந்தபோது, முறைப்படி கேட்கும் ஊழியருக்கு இரண்டு மாதத்துக்குள் பதில் தர வேண்டும் என்ற ஒன்றே எத்தனை தாய்மார்களுக்கு ஆறுதல் என்று மகிழ்ந்தவன் நான். முதிய பெற்றோரைக் கவனித்தபடி வேலை பார்ப்பது என்னவென்று எங்கள் வீட்டிலும் தெரியும். வேலை தெரிந்தவருக்கு வீடு வசதி; வேலை தெரியாதவருக்கு அது தனிமை. நான் சொல்ல வந்தது இந்த வேறுபாட்டை மட்டும்தான்.

ஆகஸ்ட் 27 – புதன்

விநாயகர் சதுர்த்தி. கியோங் சைக் சாலையில் லயன் சித்தி விநாயகர் கோயிலுக்குப் போனோம். செட்டியார் கோயில் குழுமத்தின் பொறுப்பில் உள்ள கோயில். கூட்டத்தில் வரிசை நகர்வதற்குள், மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒருகாலத்தில் வட்டித்தொழில் நடந்த கிட்டங்கிகளைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரே நீண்ட கூடத்தில் பல நகரத்தார் நிறுவனங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சாய்வு மேசை, ஒரு பெட்டி. ஊரிலிருந்து வந்த சிறுவன் முதலில் பெட்டியடிப் பையனாக இருப்பான், பிறகு அடுத்தாள், அதற்குப் பிறகே மேலாள். கடன் கேட்டு வருபவரின் முகத்தையும் மேலாளின் பதிலையும் ஆண்டுக்கணக்கில் பார்த்துவிட்டு, பிறகுதான் ஐந்தொகை எழுத உட்காருவான். பதவிகளின் பெயரே எவருக்கு அருகில் உட்கார்கிறோம் என்பதைச் சொல்வது எனக்கு வியப்பாக இருக்கிறது.

ஆனால் இதைப் போற்றி எழுதிவிட்டு நகர்ந்தால் அது பொய்யாகிவிடும். அந்தப் பெட்டியடியில் உட்கார நகரத்தார் வீட்டு ஆணாகப் பிறந்திருக்க வேண்டும். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய என் அப்பாவுக்கோ, என் அக்காவுக்கோ அந்தக் கூடத்தில் இடமில்லை. எங்களை உள்ளே விட்டது வகுப்பறை. யார் மகன் என்று கேட்காமல் தேர்வுத்தாளை மட்டும் பார்த்த வகுப்பறை. அதனால்தான் வகுப்பறையைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வருவதில்லை. நாற்காலி யாருக்குக் கிடைக்கிறது என்பதை உறவும் பழக்கமும் தீர்மானித்தால், என்னைப் போன்றவர்களின் பிள்ளைகள்தாம் வெளியே நிற்பார்கள். இன்றும் மேலாளரோடு மதிய உணவுக்குப் போகும் இளைஞர் யார், போகாதவர் யார் என்று பார்த்தால் இது விளங்கும். ஆகவே நாற்காலியைத் தற்செயலுக்கு விடக்கூடாது, விதிமுறையாக்க வேண்டும்.

செப்டம்பர் 2 – செவ்வாய்

துறைக் கூட்டம். நம் மாணவர்களை வேலைப் பயிற்சிக்கு ஏற்கும் நிறுவனங்களோடு செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை சேர்க்கலாம் என்று முன்மொழிந்தேன்: வாரத்தில் ஆறு மணி நேரமாவது மாணவர் ஒரு மூத்த ஊழியரின் பக்கத்தில் இருந்து, அவர் பேசுவதையும் முடிவெடுப்பதையும் பார்க்க வேண்டும், அந்த நேரத்தில் மாணவரிடம் வேறு வேலை கேட்கக்கூடாது.

எப்படி அளப்பது என்று உடனே கேட்டார்கள். சும்மா உட்கார்ந்திருப்பதற்கு எந்த நிறுவனம் சம்மதிக்கும் என்று இன்னொருவர் கேட்டார். உணவங்காடித் தொழிலில் இதைச் செய்கிறோமே என்றேன். 2020இல் தேசியச் சுற்றுப்புற வாரியமும் திறன் பயிற்சிக்கான அரசு அமைப்பான ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிங்கப்பூரும் தொடங்கிய உணவங்காடிக்காரர் மேம்பாட்டுத் திட்டத்தில் வகுப்போடு நிறுத்திவிடுவதில்லை. புதிதாக வருபவர் ஒரு மூத்த கடைக்காரரிடம் பழகுநராக இருந்த பிறகே தனியாகக் கடை நடத்திப் பார்க்கிறார். கடைக்காரர்களின் நடுவயது 60ஐ ஒட்டிப் போய்விட்டது என்ற கவலையில்தான் இதற்கு வழி பிறந்தது. வாணலியில் எண்ணெயின் ஓசையைக் கேட்டுத்தான் கற்க முடியும் என்பதை ஒப்புக்கொள்கிற நாம், ஒரு நிறுவனத்தின் கணக்கில் உள்ள ஓட்டையை எப்படி உணர்வது என்பதை மட்டும் காணொளியில் கற்றுவிடலாம் என்று ஏன் நம்ப வேண்டும்?

மூன்று நிறுவனங்களோடு மட்டும் சோதனையாகச் செய்துபார்க்க ஒப்புதல் கிடைத்தது. ஆறு மணி நேரத்தை நான்காகக் குறைத்துவிட்டார்கள். எனக்கு வருத்தம்தான்; ஆனாலும் ஒப்புக்கொண்டேன்.

செப்டம்பர் 4 – வியாழன்

ஒன்றை எழுதாமல் விட்டால் மேலே எழுதியவற்றுக்கு நான் உரியவன் ஆகமாட்டேன். சென்ற பருவத்தில் எங்கள் துறையில் புதிதாகச் சேர்ந்த இளம் விரிவுரையாளர் ஒருவர், தம் வகுப்பில் மாணவர்கள் வாய் திறப்பதே இல்லை, என்ன செய்யலாம் என்று என்னிடம் கேட்டார். பதிவுசெய்யப்பட்ட பயிலரங்கு ஒன்றின் இணைப்பை அனுப்பிவிட்டு, நன்றாக இருக்கும், பாருங்கள் என்று ஒரு வரி எழுதினேன். அவருடைய வகுப்பு என் அறையிலிருந்து எட்டடி தொலைவில் நடந்தது. நான் ஒருமுறைகூடப் போய் உட்காரவில்லை; என் வகுப்பில் வந்து உட்காருங்கள் என்றும் சொல்லவில்லை. கட்டுரை முடிக்க வேண்டியிருந்தது. பருவ முடிவில் மாணவர் மதிப்பீடு அவருக்குக் கடுமையாக வந்தது.

இன்று அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை சார் என்றார். பரவாயில்லை என்பது உண்மையல்ல என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. திங்கட்கிழமை என் வகுப்புக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் அவர் வகுப்பில் நான் உட்காருவேன்.

செப்டம்பர் 12 – வெள்ளி

கேட்டுக்கொண்டபடி மாணவி மீண்டும் வந்தார். வாடிக்கையாளர் அழைப்புகளில் தன் ஒலிவாங்கியை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்க அனுமதிப்பீர்களா என்று அவரே மேலாளரிடம் கேட்டிருக்கிறார். இதைக் கேட்கலாம் என்பதே முன்பு அவருக்குத் தோன்றவில்லையாம். இதைக் கேட்பார்கள் என்பது மேலாளருக்கும் தோன்றவில்லை. இரண்டு அழைப்புகளில் இருந்திருக்கிறார். முதலாவதில் புதிதாக ஒன்றுமில்லை. இரண்டாவதில், சரக்கிருப்பு பற்றி வாடிக்கையாளர் நீளமாக விளக்கி முடித்த பிறகும் மேலாளர் பதில் பேசாமல் காத்திருக்கிறார். அந்த மௌனம் தாங்காமல் எதிர்முனையில் இருந்தவர், டிசம்பர் கடைசி வாரத்தில் திரும்பி வந்த பொருள்களை இன்னும் பதியவில்லை என்பதைத் தாமாகவே சொல்லியிருக்கிறார்.

"எவ்வளவு நேரம் சும்மா இருந்தார் என்று எண்ணினேன் சார், பதினொரு விநாடி" என்றார். அவருடைய குறிப்பேட்டில் அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போட்டிருந்தது. வேலையை விடுவதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.